கல்ச்சர் ஒவ்வொரு முறையும் சுத்தம்: ஓட்டுலின் என்ற புரதம் குறைபாடுள்ள ஒரு பண்ருட்டிக் குழந்தையின் நிகழ்வு ஆய்வு

பண்ருட்டிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, புதுச்சேரியில் நாங்கள் பணிபுரியும் மருத்துவமனைக்கு, ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்று அழைத்து வரப்பட்டது. பிறந்த 24ஆம் நாளில் தொடங்கிய காய்ச்சல் அதன்பின் ஒரு வாரம்கூட முழுமையாக விட்டதில்லை. குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி ஊர், உறவு, தொழில் தொடர்பான சில விவரங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன. மரபணு மாற்றத்தின் எண்ணும் அதே காரணத்தால் தரப்படவில்லை.

குழந்தை வந்தபோது அதன் இடது தொடையில் காவிக் கோடுகள் காய்ந்து உதிரும் நிலையில் இருந்தன. அக்கி என்று கருதிப் பக்கத்து ஊர்க் குயவரிடம் எழுதி வந்திருந்தார்கள். காவியைத் துடைத்துப் பார்த்தபோது அடியில் இருந்தவை அக்கிக் கொப்புளங்கள் அல்ல. புளியங்கொட்டை அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை, தோலுக்கு அடியில் கடினமாகவும் சூடாகவும் சிவந்தும் இருந்த கட்டிகள். தொட்டாலே குழந்தை வீறிட்டது. பழைய கட்டிகள் அடங்கிய இடங்களில் கொழுப்பு கரைந்து தோல் குழிந்திருந்தது.

குடும்பம் முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலில் இருந்தது. அந்த வேலை செய்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் கறுத்துப் பொத்துப்போகும். ஆகவே, "முந்திரிப் பாலு கைல இருந்தது, அப்படியே புள்ளைய தூக்கிட்டா போலருக்கு" என்று அதன் ஆயா (அம்மாவின் அம்மா) சொன்ன விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. முன்பு பார்த்த ஓரிடத்தில் தோல் ஒவ்வாமை என்றே எழுதப்பட்டும் இருந்தது. ஆனால் முந்திரி எண்ணெய் மேல்தோலைச் சுடும், கொப்புளம் எழுப்பும், உரிக்கும். மேல்தோலை அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள கொழுப்பில் மட்டும் அழற்சியை உண்டாக்காது. குழந்தையின் மேல்தோல் எங்கும் உரிந்திருக்கவில்லை. இதை முதல் நாளே கவனித்தோம் என்றாலும், அதன் பொருளை முழுதாக எடைபோட எங்களுக்கும் நான்கு நாட்கள் ஆயின.

பிறந்தபோது 2.8 கிலோ இருந்த எடை ஏழாம் மாதத்தில் 5.2 கிலோவாக மட்டுமே உயர்ந்திருந்தது. மாந்தம் என்று வீட்டில் சொல்லப்பட்ட வயிற்றுப்போக்கு விட்டுவிட்டுத் தொடர்ந்தது. இரண்டு முழங்கால்களும் ஒரு கணுக்காலும் வீங்கியிருந்தன. கல்லீரல் மூன்று விரல் அளவு கீழே தட்டுப்பட்டது. ஹீமோகுளோபின் 7.2, வெள்ளணுக்கள் 34,000, அவற்றில் 80 விழுக்காடு கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வகை, தட்டணுக்கள் ஏழு லட்சத்துக்கு மேல், அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 186 மில்லிகிராம். இந்த எண்களை மட்டும் ஒரு பயிற்சி மருத்துவரிடம் காட்டினால், தயங்காமல் செப்சிஸ், அதாவது உடல் முழுதும் பாதிக்கும் கடும் கிருமித் தொற்று, என்பார்.

அப்படித்தான் ஆறு மாதங்கள் நடந்திருந்தது. மஞ்சள் பையில் தாய் கொண்டுவந்த சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கியபோது, ஆறு வகை ஆன்டிபயாட்டிக்குகள், மூன்று முறை உள்நோயாளிச் சேர்க்கை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ஐந்து இரத்தக் கல்ச்சர்கள் எனக் கணக்கு வந்தது. ஐந்திலும் எதுவும் வளரவில்லை. சிறுநீர், முதுகுத் தண்டுநீர், ஒரு கட்டியிலிருந்து உறிஞ்சிய சீழ் போன்ற திரவம் ஆகியவையும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் கல்ச்சர் சுத்தமாக வந்தபோது, கிருமி இல்லை என்று அல்ல, கிருமி ஒளிந்திருக்கிறது என்றே முடிவு கட்டப்பட்டு மருந்து மட்டும் மாற்றப்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏழு மாதக் குழந்தைக்கு அந்த எண்களுடன் காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்காமல் இருக்க எந்த மருத்துவருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது. தொடங்கியது பிழையன்று, மூன்றாவது கல்ச்சருக்குப் பிறகும் கேள்வியை மாற்றாமல் விட்டதே பிழை.

எங்கள் கேள்வி மாறியதற்கு ஒரு பேச்சு காரணம். வார்டில் ஆயா குழந்தையின் தந்தையை "தம்பி" என்று அழைத்துக்கொண்டிருந்தார். மருமகனைத் தம்பி என்று மரியாதைக்கு அழைப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் ஒரு காலை அவர், "எந்தம்பிக்கே என் பொண்ணக் குடுத்தேன், இப்படி ஆயிப்போச்சே" என்று அழுதபோதுதான், அவர் கூடப் பிறந்த தம்பியைச் சொல்கிறார் என்பது விளங்கியது. கேஸ் ஷீட்டில் இரத்த உறவுத் திருமணம் என்ற கட்டம் வெற்றாக விடப்பட்டிருந்தது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் இது பதினாறில் ஒன்று. மேலும் கேட்டபோது, இதற்கு முன் பிறந்த ஆண் குழந்தை ஒன்று மூன்றாம் மாதத்தில் காய்ச்சலும் கட்டியுமாக இறந்ததும் தெரியவந்தது. அதை யாரும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

தொடைக் கட்டியிலிருந்து எடுத்த திசுவில், தோலடிக் கொழுப்பின் மடல்களிலும் இடைச்சுவர்களிலும் நியூட்ரோஃபில்கள் நிறைந்திருந்தன. பாக்டீரியா, பூஞ்சை, காசநோய்க் கிருமி ஆகியவற்றுக்கான சாயங்கள் எதையும் காட்டவில்லை. எலும்பு மஜ்ஜையில் இரத்தப் புற்றுநோய் இல்லை. நியூட்ரோஃபில்களின் கிருமி கொல்லும் திறனை அளக்கும் டிஎச்ஆர் சோதனை இயல்பாக இருந்தது. இம்யூனோகுளோபுலின்கள் என்ற எதிர்ப்புப் புரதங்கள் குறைவாக இல்லை, மாறாகக் கூடுதலாக இருந்தன. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை அன்று இது, எதிர்ப்பை நிறுத்தத் தெரியாத குழந்தை என்ற எண்ணம் அப்போது உறுதிப்பட்டது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 2 மில்லிகிராம் தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. 1 மில்லிகிராமுக்குக் குறைத்தவுடன் காய்ச்சலும் கட்டிகளும் திரும்பின. ஊதா மூடிக் குழாய்களில் குழந்தை, தாய், தந்தை மூவரின் இரத்தமும் எக்சோம் ஆய்வுக்கு (மரபணுக்களின் புரதம் ஆக்கும் பகுதிகளை வாசிக்கும் சோதனைக்கு) அனுப்பப்பட்டது.

ஐந்து வாரம் கழித்து வந்த முடிவு ஓட்டுலின் என்ற, புரதச் சங்கிலிகளை வெட்டும் நொதிக்கான மரபணுவைக் காட்டியது. ஐந்தாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் உள்ள அந்த மரபணுவில், புரதத்தின் வெட்டும் பகுதியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றும் ஒற்றை எழுத்து மாற்றம், குழந்தையின் இரு பிரதிகளிலும் இருந்தது. பெற்றோர் இருவரிடமும் தலா ஒரு பிரதியில் மட்டும் இருந்தது. ஓட்டுலின் சார்ந்த தன்னழற்சி (கிருமியின்றித் தானாக மூளும் அழற்சி) நோய் 2016இல்தான் மருத்துவ உலகில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பாகிஸ்தான், துருக்கி வழிவந்த, உறவுத் திருமணக் குடும்பங்களின் குழந்தைகளிடம் அது கண்டறியப்பட்டது. நீடித்த காய்ச்சல், கொழுப்புத் திசு அழற்சி, வயிற்றுப்போக்கு, மூட்டு வீக்கம், வளர்ச்சித் தடை ஆகிய அந்த விவரிப்பின் ஒவ்வோர் அம்சமும் எங்கள் குழந்தையிடம் இருந்தது.

ஒரு புரதம் குறைவதால் இத்தனையும் ஏன் நேர வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்த விளக்கத்தின் அடிப்படையில்தான்.

யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம். செல் தன் பிற புரதங்களின் மேல் இதை ஒரு சீட்டுப் போல ஒட்டுகிறது. ஒட்டிய யுபிக்விட்டின் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று எனச் சங்கிலி நீள்கிறது. எந்த இடத்தில் கண்ணி கோக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சீட்டின் பொருள் மாறும். 48ஆம் அமினோ அமிலமான லைசினில் கோத்தால் அந்தப் புரதம் புரோட்டியசோம் என்ற செல்லின் சிதைப்புக் கூடத்தில் சிதைக்கப்படும்; இந்தச் சிதைவு வழியைக் கண்டறிந்ததற்காகவே சீக்கானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு தரப்பட்டது. 63ஆம் லைசினில் கோத்தால் அது பெரும்பாலும் சிதைப்பதற்கன்று, செய்தி கடத்துவதற்கு. மூன்றாவதாக, ஒரு யுபிக்விட்டினின் வாலில் அடுத்ததன் தலையையே, அதாவது முதல் அமினோ அமிலமான மெத்தியோனினையே, இணைக்கும் நேர்கோட்டுச் சங்கிலி உண்டு. இதைக் கட்டும் இயந்திரத்தைக் கசுஹிரோ இவாய் குழுவினர் 2006இல் அறிவித்தனர். லூபாக் என்று அழைக்கப்படும் அதில் ஹாய்ப், ஹாயில்-1 என்ற இரண்டு புரதங்களும், பின்னர் 2011இல் கண்டறியப்பட்ட ஷார்ப்பினும் அடங்கும்.

லூபாக் கட்டுவதை ஓட்டுலின் வெட்டுகிறது. 2013இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில் டேவிட் கொமாண்டர் குழுவினர் காட்டிய ஒரு நுட்பம் எனக்கு இன்றும் வியப்பளிப்பது. பிற வெட்டும் நொதிகளில் பல, பலவகைச் சங்கிலிகளை வெட்டும். ஓட்டுலின் நேர்கோட்டுச் சங்கிலியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. காரணம், அதன் வெட்டும் மையம் தனியாக இருக்கும்போது முழுமையாக ஒழுங்குபட்டிருப்பதில்லை. வெட்டப்பட வேண்டிய யுபிக்விட்டினின் 16ஆம் இடத்திலுள்ள குளூட்டமிக் அமிலம் உள்ளே வந்து அமர்ந்த பிறகே மையம் செயல்நிலைக்கு வருகிறது. நேர்கோட்டு இணைப்பில் மட்டுமே அந்த அமிலம் சரியான இடத்துக்கு வருகிறது. பூட்டே தன் சாவியின் கடைசிப் பல்லை வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. எங்கள் குழந்தையின் மாற்றம் இந்த மையம் அடங்கிய பகுதியில் விழுந்திருந்தது.

இனி டிஎன்எஃப். காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும் இந்தச் செய்திப் புரதம் செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியைத் தொட்டதும், உட்புறத்தில் ஆர்ஐபிகே-1 முதலிய புரதங்கள் ஓரிடத்தில் கூடுகின்றன. அவற்றின் மேல் 63ஆம் லைசின் சங்கிலிகளும், அவற்றைத் தொடர்ந்து லூபாக் கட்டும் நேர்கோட்டுச் சங்கிலிகளும் ஏறுகின்றன. நேர்கோட்டுச் சங்கிலியை நீமோ என்ற புரதம் பற்றிக்கொள்ள, என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்துச் செல்லின் கருவுக்குள் சென்று அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. இந்தக் கூட்டம் நீடிக்கும் வரை செல் உயிரோடிருந்து சண்டையிடும். கூட்டம் குலைந்தால், ஆர்ஐபிகே-1 வேறு துணைகளோடு சேர்ந்து காஸ்பேஸ்-8 வழியே அமைதியான மரணத்தையோ, ஆர்ஐபிகே-3, எம்எல்கேஎல் வழியே செல் வெடித்துச் சிதறும் மரணத்தையோ கொண்டுவரும். வெடித்த செல்லின் உள்ளடக்கம் வெளியே கொட்டுவதே அடுத்த அழற்சிக்குத் தூண்டுதலாகிவிடும்.

ஆகவே ஓட்டுலின் இல்லையென்றால் சங்கிலிகள் வெட்டப்படாமல் குவிந்து, என்எஃப்-கப்பா-பி அணையாமல் எரியும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற கிருமி விழுங்கும் செல்களில் ஏறத்தாழ அதுவே நடக்கிறது. ஆனால் தோலின் நார்களைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட்களிலும், டி செல், பி செல்களிலும் கதை தலைகீழாகிறது. லூபாக் மற்றவற்றின் மேல் மட்டுமல்லாமல் தன் மேலேயே நேர்கோட்டுச் சங்கிலியை ஏற்றிக்கொள்ளும் பழக்கமுடையது. ஓட்டுலின் அதை ஓயாமல் வெட்டிச் சுத்தம் செய்து வருகிறது. வெட்ட ஆள் இல்லாதபோது இந்தச் செல்களில் லூபாக் தன் சங்கிலியிலேயே சிக்கிச் சிதைகிறது. இயந்திரமே போய்விட்டதால் டிஎன்எஃப் வந்தவுடன் அந்தச் செல்கள் சாகின்றன. ஓட்டுலினின் வெட்டும் திறனை மட்டும் நீக்கிய எலிக் கருக்கள் கருவறையிலேயே செல் மரணத்தால் இறந்துவிடுவதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, ஒரே குழந்தையின் உடலில் ஒரு கூட்டம் செல்கள் டிஎன்எஃப்பை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. இன்னொரு கூட்டம் அதே டிஎன்எஃப் பட்டுச் சாகின்றன. செத்தவை முதல் கூட்டத்தை மேலும் உசுப்புகின்றன. தொடையில் காவிக்கு அடியில் நாங்கள் கண்ட கட்டி இந்தச் சுழற்சியின் கைக்கு எட்டும் வடிவம்.

சுழற்சி எங்கிருந்து தொடங்கினாலும் அதன் இரு பாதிகளும் டிஎன்எஃப் வழியாகவே செல்கின்றன என்பதால் அதையே தடுப்பது என முடிவெடுத்தோம். டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து இதே நோயில் முன்னரே பயன் தந்திருந்தது. தொடங்குமுன் செய்ய வேண்டியவை நம் நாட்டில் சற்றுக் கூடுதல். டிஎன்எஃப்பைத் தடுத்தால் உறங்கும் காசநோய் விழிக்கக்கூடும். பிறந்தவுடன் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் உயிருள்ள கிருமியும் உடலில் இருக்கிறது. மார்பு எக்ஸ்-ரேயும் காசநோய்க்கான ஐஜிஆர்ஏ இரத்தச் சோதனையும் தெளிவாக இருந்தன. பிசிஜி தழும்பையும் அக்குள் நிணக்கணுக்களையும் ஒவ்வொரு வருகையிலும் பார்ப்பது என்று எழுதி வைத்தோம். ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி உயிருள்ள தடுப்பூசி என்பதால் நிறுத்தி வைக்கப்பட்டது. கிராமச் செவிலியர் வீட்டுக்கு வந்து, ஏன் போடவில்லை என்று கேட்பார் என்பதற்காகத் தாயின் கையில் தமிழில் ஒரு கடிதமும் கொடுத்தோம். அது இரண்டு முறை பயன்பட்டது.

முதல் மருந்து எட்டரை மாதத்தில் ஏறியது. எடை 5.6 கிலோ, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் 28 மில்லிகிராம். குப்பியோ 100 மில்லிகிராம். மீதி 72 மில்லிகிராமைக் கரைத்தபின் வைத்திருக்க முடியாமல் கொட்ட வேண்டியிருந்தது. ஒரு மாதக் கொட்டை உடைக்கும் கூலியைவிட விலை கூடிய அந்த மருந்து தொட்டியில் போவதைக் குழந்தையின் தந்தை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறையிலிருந்து, அதே மருந்து தேவைப்படும் மூட்டுவாத நோயாளி ஒருவரையும் அதே நாளில் வரச் செய்து, மருந்தகத்தின் தூய அறையில் ஒரே குப்பியைப் பங்கிட ஏற்பாடு செய்தோம்.

இரண்டாம் நாள் காய்ச்சல் நின்றது. இரண்டாம் வார மருந்துக்கு வந்தபோது முழங்கால் வீக்கம் வற்றியிருந்தது. ஆறாம் வாரத்தில் சிஆர்பி 8. இடைவெளியை எட்டு வாரமாக நீட்டியபோது ஏழாம் வாரத்தில் ஒரு புதிய கட்டி எழுந்ததால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று நிலைப்படுத்தினோம். முதல் பிறந்த நாளுக்குள் பிரெட்னிசலோன் முற்றிலும் நிறுத்தப்பட்டது. பதினைந்தாம் மாதத்தில் எடை 8.3 கிலோ, சுவரைப் பிடித்து நடக்கிறது. தொடையின் குழிகள் மட்டும் நிரம்பவில்லை.

இந்த ஆய்வின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் செல்களை வளர்த்து அவற்றில் லூபாக் அளவையோ சங்கிலிக் குவிப்பையோ நாங்கள் அளக்கவில்லை. மரபணு முடிவும், நோயின் தோற்றமும், மருந்துக்குக் கிடைத்த பலனும் ஒரே திசையில் காட்டியதையே சான்றாகக் கொண்டோம். மஜ்ஜை மாற்று (குருத்தணு மாற்று) பற்றியும் பேசியிருக்கிறோம். இதே நோயுள்ள ஒரு குழந்தைக்குக் குருத்தணு மாற்றத்தால் காய்ச்சல், கட்டி, வயிற்றுப்போக்கு அனைத்தும் நீங்கியது 2019இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது. நோயின் தீ பெரும்பாலும் இரத்தச் செல்களிலிருந்தே மூள்கிறது என்பதற்கும் அது சான்று. எங்கள் குழந்தைக்கு மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தோர் யாரும் உயிரோடு இல்லை. மருந்து கேட்கும் வரை மாற்றுச் சிகிச்சையின் ஆபத்தை ஏற்க வேண்டாம் என்பதே இப்போதைய முடிவு.

மரபணு ஆலோசனை எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதையும், 11 முதல் 13 வாரத்துக்குள் கருவின் திசுவைச் சோதிக்க முடியும் என்பதையும் பெற்றோர் புரிந்துகொண்டனர். ஆயாவுக்கு அது சென்று சேரவில்லை. தம்பிக்குப் பெண் கொடுத்தது தவறா என்ற ஒரே கேள்விதான் அவரிடம் இருந்தது. தவறில்லை, இருவரும் ஒரே எழுத்துப் பிழையைத் தெரியாமல் சுமந்திருந்தார்கள் என்று சொன்னோம். அவருடைய இளைய மகளை அடுத்த தம்பிக்குப் பேசி வைத்திருப்பதாக அப்போதுதான் சொன்னார். அந்த இருவரின் இரத்தத்தையும் சோதிக்க, நிச்சயதார்த்தத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள்.

கடைசியாகத் தந்தையைப் பற்றி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பகுதியில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விழுந்த மரங்களை வெட்டி அகற்றும்போது அவர் கெண்டைக்காலில் ஒரு சிராய் ஏறியது. சிறு காயம்தான், நான்கே நாளில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் கறுத்துச் செத்து, வெட்டி எடுத்து, ஒட்டுத்தோல் வைத்தார்கள். மஞ்சள் பையின் அடியில் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டும் இருந்தது. கல்ச்சரில் வளர்ந்தது ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஓட்டுலினின் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களில் சிலருக்கு இதே கிருமியால் உயிருக்கு ஆபத்தான திசு அழுகல் வரும் என்பது 2022இல் அறிவிக்கப்பட்டது. அவர்களின் தோல் செல்களில் கேவியோலின்-1 என்ற புரதம் மிகுந்து, கிருமி விடும் ஆல்ஃபா நஞ்சுக்கு அந்தச் செல்கள் எளிதில் இரையாகின்றன. ஐந்தாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தை ஒரு பிரதியில் இழந்த க்ரி டு ஷா குழந்தைகளிடமும் இதே ஆபத்து காணப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கும் முந்தைய ஒரு காயத்தை இதனோடு முடிச்சுப் போடுவது ஊகமே. ஆயினும் அரிவாளும் கொட்டை ஓடுமாக வேலை செய்கிறவர் என்பதால், அவர் பெயரில் தனியாக ஓர் ஓ.பி. சீட்டுப் போட்டு, எந்தக் காயம் சிவந்து வீங்கினாலும் அன்றே வர வேண்டும் என்று அதன் மேல் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மகளின் சீட்டுகளோடு அதையும் அதே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.